பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்றேன்

முப்பது வருஷம் கப்பல்களில் மின்சார அதிகாரியாக இருந்தேன். ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீடு கட்டியபோது, இனி என் வாழ்க்கையில் தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கிற ஒரே இடம் குளியலறை கீசர்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நிம்மதி ஒன்றரை வருஷம் நீடித்தது.

வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய, பக்கத்து ஊரான வடகரையைச் சேர்ந்த ஒருவர், குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஒரு குளத்தைப் படகு விடுவதற்காகக் குத்தகைக்கு எடுத்தார். மிதிபடகுகள் ஆறு இருந்தன. அவற்றோடு எட்டுப் பேர் உட்காரும் பேட்டரி படகு ஒன்றும் வாங்கிப் போட்டார். புகை கிடையாது, சத்தம் கிடையாது, அந்த நாட்டில் இதுதான் ஓடுகிறது என்றார். இந்த நாட்டில் அது ஒரு வருஷத்தில் நின்றுபோனது. யாரோ என் பெயரைச் சொல்ல, வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க கடல்ல பாத்தவங்க. இது குளம்தானே."

குளம்தான். கோடையில் நடுவில் நின்றால் எனக்கு மார்பளவு. ஆனால் கப்பலில் கெட்டுப்போகிற எல்லாமே அந்தச் சின்னப் படகிலும் கெட்டுப்போயிருந்தது. பேட்டரி முனைகளில் பச்சையாகக் களிம்பு. ஹார்ன் வயரை எலி கடித்திருந்தது. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்பின் இணைப்பில் சாக்லேட் தாள் சுற்றியிருந்தது. நான்கு பேட்டரிகளும் செத்திருந்தன. அவை ஏன் செத்தன என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

காரணம் படகோட்டி. ஐம்பது வயதிருக்கும். முன்பு தென்னை ஏறிக்கொண்டிருந்தவர். ஒருமுறை விழுந்து வலது முழங்கால் போனபிறகு, உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே வேலை என்று இதற்கு வந்தவர். மனைவி பீடி சுற்றுகிறார். அந்தப் படகின் ஸ்டியரிங்கை அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் போதும், அது அவருக்கு எவ்வளவு பெரிய பிடி என்று தெரியும். மலைப்பக்கம் லேசாக முழங்கினால்கூட ஓடிப்போய் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் முழங்காத நாள் குறைவு. அதனால் பேட்டரிகள் தினமும் அரை வயிற்றோடு கிடந்தன. அப்படிக் கிடந்தால் உள்ளேயிருக்கும் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து, பேட்டரி செத்துவிடும்.

புது பேட்டரிகள் வந்ததும் நான் முறைப்படி எல்லாம் செய்தேன். கரையிலிருந்த சார்ஜருக்குத் தனி மீட்டர் பெட்டி, மின்னல் தடுப்பான், புது எர்த் குழி. எர்த் குழிக்கு எப்போதும் ஈரம் வேண்டும் என்பதால், கரையோரத் தென்னைக்குப் பக்கத்தில் நனைந்த மண்ணாகப் பார்த்துத் தோண்டவைத்தேன். அளந்து பார்த்தேன். கப்பல் துறைமுகத்தில்கூட அவ்வளவு நல்ல எர்த் பார்த்ததில்லை. பிறகு ஏழு வரி விதிமுறை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கரையிலிருந்த ஷெட்டுச் சுவரில் மாட்டினேன். நான்காவது வரி: பச்சை விளக்கு எரியும் வரை பிளக்கை எடுக்கக் கூடாது.

படகோட்டி அதை விரல் வைத்துப் படித்தார். "இடி இடிச்சாலுமா அண்ணாச்சி?"

"அதுக்குத்தானேவே தடுப்பான் போட்டிருக்கு."

"சரி. நீங்க சொன்னா சரி."

மே மாதக் கடைசி. சாரல் சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம். நாலு மணி இருக்கும். மலை கருகருவென்று இருட்டியது. வீட்டில் டிவி பிளக்கையும் டிஷ் வயரையும் பிடுங்கிவிட்டு, வைஃபை பெட்டியின் பிளக்கையும் கையில் பிடித்தபடி நின்றேன். போன் அடித்தது.

"அண்ணாச்சி, இங்கன நல்லா முழங்குது. புடுங்கிரட்டா?"

"பச்சை வந்துட்டா?"

"இல்ல, சிவப்புதான் எரியுது. காலையில ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல."

"அப்ப கை வைக்காம இரும். ஷெட்டுக்குள்ள போயி உக்காரும்."

"சரி அண்ணாச்சி."

போனை வைத்துவிட்டு வைஃபை பிளக்கையும் பிடுங்கினேன். அந்த நொடியில்கூட எனக்கு உறைக்கவில்லை என்பதைத்தான் இன்றுவரை எனக்கே விளக்க முடியவில்லை.

மின்னல் படகில் விழவில்லை, கம்பியில் விழவில்லை. தென்னையில் விழுந்தது. அங்கிருந்து நனைந்த மண்ணுக்குள் இறங்கி, நான் அருமையாக அமைத்த எர்த் குழியைக் கண்டுபிடித்து, எர்த் வயர் வழியாக சார்ஜருக்குள் ஏறியது. தடுப்பான் கம்பி வழியாக வருகிற மின்னலுக்குக் காவல் நின்றது. இது தரை வழியாக வந்தது. படகின் மோட்டார் தண்ணீரில் இருந்தது, பிளக் கரையில் இருந்தது. ஒரு கால் குளத்திலும் ஒரு கால் கரையிலுமாக நின்ற படகு, மின்னலுக்கு நல்ல பாலமானது. பிளக் மட்டும் பிடுங்கியிருந்தால் அது தண்ணீரில் மிதக்கும் வெறும் பிளாஸ்டிக் தொட்டி. ஒன்றும் ஆகியிருக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது தென்னையின் கொண்டை புகைந்துகொண்டிருந்தது. சார்ஜர் பிளந்து கிடந்தது. படகோட்டி ஷெட் பெஞ்சில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒன்றும் இல்லை.

"நீங்க சொன்னபடிதான் இருந்தேன் அண்ணாச்சி," என்றார். குற்றம் சொல்லவில்லை. கணக்கு ஒப்படைக்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் காலை குத்தகைக்காரர் வந்தார். கருகிய பிளக்கைக் காலால் தட்டினார்.

"ஏலே, ஏன் புடுங்கலை?"

படகோட்டி என்னைப் பார்க்கவே இல்லை. "மறந்துட்டேன் மொதலாளி."

"நான்தான் எடுக்க வேண்டாம்னு சொன்னேன்," என்றேன். "போன் பண்ணிக் கேட்டார். நான் சொன்னேன்."

குத்தகைக்காரர் சிரித்தார். கோபத்தில் இருந்த மனுஷன், எனக்காகச் சிரித்தார். "சார், இவனைக் காப்பாத்தணும்னு நெனைக்கீங்க. நல்ல மனசு. ஆனா இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கணும்னு என் வீட்டு மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும். முப்பது வருஷம் கப்பல்ல இருந்த உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

போனை எடுத்து அழைப்புப் பட்டியலைக் காட்டினேன். "பேசினீங்க, சரி. என்ன பேசினீங்கன்னு அதுல இருக்கா?" என்றார். சுவரில் இருக்கிறதே என்று திரும்பினேன். நான் மாட்டிய விதிமுறைத் தாள் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. படகோட்டி குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

குத்தகைக்காரர் போனபிறகு படகோட்டியிடம் கேட்டேன்.

"கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். உங்க கையெழுத்து இருந்துல்லா அதுல."

"உம்மை யாருவே கேட்டா?"

"நாளைக்கு ஊர்ல நாலு பேரு கப்பல் அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டாருன்னு பேசுவான். எனக்கு அப்படி என்ன பேரு இருக்கு, கெடறதுக்கு?"

வீட்டுக்கு வந்து, கப்பலில் விபத்து நடந்தால் எழுதுவதுபோல மூன்று பக்க அறிக்கை எழுதினேன். படம் வரைந்தேன். முதல் பக்கத்தில், சார்ஜர் பிளக் கரையில் இணைந்தே இருந்ததுதான் சேதத்துக்குக் காரணம் என்று எழுதினேன். இரண்டாம் பக்கத்தில், யார் சொல்லி அது இணைந்திருந்தது என்று எழுதினேன். முறை அப்படித்தான்: முதலில் காரணம், பிறகு பொறுப்பு. குத்தகைக்காரர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, நீங்களே எழுதியிருக்கீங்க." இரண்டாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார், படத்தைப் பார்த்தார், "பிரமாதம் சார்" என்றார்.

கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். சாரல் தொடங்குவதற்குள் படகு ஓடினால் ஆள் இருக்கட்டும். இல்லையென்றால் இருக்கிற மிதிபடகுகளுக்கு டிக்கெட் கிழிக்கிறவன் ஒருவனே போதும்.

மின்னல் பட்ட கருவிகளில் செத்தவற்றைப் பற்றிக் கவலையில்லை; தூக்கி எறிந்துவிடலாம். பிழைத்தவைதான் ஆபத்து. இன்று ஓடும், நாளை ஓடும், அடுத்த வாரம் காரணமே இல்லாமல் நிற்கும். முறைப்படி வயர்கள் அத்தனையும் மாற்ற வேண்டும், மோட்டாரைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள். கொச்சியிலிருந்து மோட்டார் கண்ட்ரோலரும் சார்ஜரும் வரவழைக்கவே ஏழு நாள் போனது. பம்பை மாற்றினேன், மறுநாள் விளக்குகள் செத்தன. விளக்குகளை மாற்றினேன், ஹார்ன் தானாகக் கத்தியது. படகோட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஓடிருமா அண்ணாச்சி?"

"மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது."

"மீட்டரைக் கேக்கல. உங்களைக் கேக்கேன்."

அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மோட்டாரை மட்டும் மாற்ற முடியவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், தேறியது. தேறியது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளோட்டத்துக்குக் குத்தகைக்காரர் வந்தார். சாரல் இரண்டு நாள் முன்னதாகவே ஆரம்பித்திருந்தது, குளம் முழுக்கப் பொடித் தூறல். படகோட்டி வெளுத்த சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி வந்திருந்தார். ஒரு சுற்று அழகாகப் போனோம். குத்தகைக்காரர் போன் எடுத்து வீடியோ பிடித்தார். இரண்டாவது சுற்றில், சரியாகக் குளத்தின் நடுவில், மோட்டார் இரண்டு முறை விக்கியது. நின்றது. கருகல் வாடை வந்தது. மூடியைத் திறந்தேன், மூடினேன். செய்வதற்கு அங்கே எதுவுமே இல்லை.

மிதிபடகில் வந்த குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. "என்ன சார், ரிப்பேரா?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். படகோட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வெளுத்த சட்டையோடு, மார்பளவு தண்ணீரில் இறங்கினார். படகின் பின்பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்தார். சேற்றில் ஒவ்வொரு தடவை வலது கால் ஊன்றும்போதும் படகு ஒரு பக்கமாக இழுத்தது. நான் இறங்கப் போனேன். "நீங்க இருங்க சார், வழுக்கும்," என்று குத்தகைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்க, அவர் எங்களைக் கரை சேர்த்தார்.

"இவன் கைபட்டது எல்லாம் இப்படித்தான்," என்றார் குத்தகைக்காரர்.

"ரிப்பேர் பண்ணினது நான்."

"நீங்க விடுங்க சார். உங்களால ஆனதைச் செஞ்சிட்டீங்க."

படகோட்டி ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே சாவியைப் பெஞ்சில் வைத்தார்.

ஜூலையில் அவர் குற்றாலத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மெயின் அருவிக்குப் போகும் வழியில் மச்சினரின் எண்ணெய் மசாஜ் கடை. நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று செய்கிற வேலை. சனிக்கிழமை போனேன், கூட்டம் நெரிந்தது. பனியனோடு நின்றிருந்தார், தோள்வரை எண்ணெய்.

"வாங்க அண்ணாச்சி! எப்ப வந்தீய? உக்காருங்க."

"மசாஜுக்கு வரலைவே. உம்மைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாக்க வந்தா நின்னுட்டே பாப்பீங்களா? சட்டையைக் கழத்துங்க."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "பெரியவரே, உக்காருதீங்களா, நாங்க உக்காரட்டுமா?" என்றார். உட்கார்ந்தேன். உச்சந்தலையில் எண்ணெய் வழிந்தது. விரல்கள் பலமாக இருந்தன, தென்னை ஏறிய விரல்கள். வழியெல்லாம் மனதில் எழுதிக்கொண்டு வந்தது ஒரு பேச்சு: யார் தப்பு, என்ன காரணம், குத்தகைக்காரரிடம் மறுபடி என்ன சொல்லப்போகிறேன், எந்தக் கடையில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டிருக்கிறேன். அதில் கடைசியில் இருந்த வேலை விஷயத்தைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. அன்னைக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணாமலே புடுங்கியிருக்கணும். எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சும் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு."

"இல்லவே. நான் சொல்லுதேன், கேளும்..."

"பேசாதீங்க, வாயில எண்ணெய் போயிரும்," என்றார், என் தலையை முன்னால் அமுக்கி.