மாமாவின் லீவு

போன மாதம் பதுளையில் மாமாவின் இருபத்தாறாவது புத்தகத்தை வெளியிட்டார்கள். தலைமை தாங்கியவர், “எழுதுவதற்காகவே ஸ்டோர் வேலையைத் தூக்கியெறிந்தவர்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அத்தை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஸ்டோர் என்பது எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. அம்மாவின் தம்பியான மாமா அங்கே கொழுந்து வாட்டும் வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் மடுல்சீமைப் பக்கத்துச் செய்திகளை எழுதினார். அப்போது எங்கள் மலையில் கைபேசி எடுபடாது. செய்தியை உறையில் போட்டு, சந்தியில் பசறை வழியாகப் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அது பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய், அங்கிருந்து ஃபேக்ஸில் போகும். மாமாவுக்கு வேலையிருக்கும் நாட்களில் உறையோடு சந்திக்குப் போவது ஐந்தாம் ஆண்டில் படித்த நான்தான். தோட்டத்துத் தபால் பையில் அதைப் போடவே கூடாது. அந்தப் பை ஆபீஸ்காரர்கள் கையால்தான் வெளியே போகும். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. முதலில் ஒரு கயிற்றின் அகலம். பிறகு என் கால் நுழையும் அளவு. ஆபீசில் சொன்னால் “பார்க்கலாம்” என்றார்கள். மாமா கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை என்னிடம் தந்தார்.

நான் சந்திக்குப் போவதற்குள் பஸ் போய்விட்டது. நனைந்துகொண்டே திரும்பினேன். வழியில் ஆபீஸ் வராந்தாவில் தபால் பை தொங்கியது. உறையில்தான் பத்திரிகையின் விலாசம் இருக்கிறதே! போட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்த நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, தோட்ட மேனேஜரான துரையின் கையில் பிரித்த உறை இருந்தது. பள்ளிக்குப் போகிற வழியில் நானும் நின்றேன்.

“இத பையில போட்டது யாரு?” என்றார் பெரிய கிளாக்கர்.

மாமா என் பக்கம் திரும்பவேயில்லை.

“நான்தாங்க. ஊரு வாசிக்கிறதுக்கு முன்ன தொரை வாசிக்கணும்ல?”

“தொரைக்குத் தமிழ் தெரியுமா தம்பி?” என்று கூடைக்காரப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

“அதுக்குத்தான கிளாக்கரய்யா இருக்காரு!” என்றது இன்னொன்று. சிரிப்பு பெரட்டுக் களம் முழுக்கப் பரவியது.

கிளாக்கர் சிரிக்கவில்லை. “நீ இனி கூப்பிடுறப்ப வந்தாப் போதும்.”

மாமா நேரே லயத்துக்கு வந்து கார்பன் பிரதியை எடுத்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: இந்த வெடிப்பு பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரியும்.

“நேத்துன்னா இந்த வரிய எழுதியிருக்க முடியாதுடா. இனி தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? வா, ரெண்டு பேரும் ஓடுவம். பஸ்ஸு எப்படித் தப்புதுன்னு பாப்பம்.”

செய்தி பத்திரிகையில் வந்தது. பின்னாலேயே ஜீப்பில் அதிகாரிகளும் வந்தார்கள். எங்கள் லயத்து ஆட்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த கிழமை மண் இறங்கி எங்கள் குசினியை அடுப்போடு மூடியபோது உள்ளே யாரும் இல்லை.

மாமாவை ஸ்டோருக்கு யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட மூலையில் ஒரு சின்ன மேசைக்கு முன் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நாள் முழுக்க எழுதினார். அவருடைய முதல் புத்தகம் அந்த மேசையில்தான் முளைத்தது. அத்தை விடியுமுன்னே தனியாகக் கொழுந்துக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமையும் போனார். என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஏனென்று நான் யோசிக்கவில்லை. மாமாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, அதுவும் என்னால், என்ற பெருமையில் இருந்தேன்.

அந்த லீவு முடியவே கூடாது என்று தினமும் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டேன். அம்மன் அதை அப்படியே கொடுத்துவிட்டாள்.