தோழி வேண்டாமென்ற அறை

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு கல்லூரியில் தாதியர் உதவியாளர் படிப்புக்குச் சேர்ந்தேன். வகுப்பில் பெரும்பாலானோர் இளசுகள். நான் முப்பதைத் தாண்டியிருந்தேன். என்னைவிட மூத்தவர் ஒருவர்தான்: ஐம்பதைக் கடந்த கறுப்பினப் பெண், அமெரிக்கத் தென் மாநிலமொன்றில் பிறந்தவர். கன்ரீனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, ஜமேக்கப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, வெள்ளைக்காரருக்கு ஒரு மேசை. யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. எந்த மேசைக்கும் வயது பொருந்தாத நாங்கள் இருவரும் யன்னலோரம் சேர்ந்து சாப்பிட்டோம். அப்படித்தான் தோழியானார்.

ஒரு மதியம் தன் முதல் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த அந்தக் கல்லூரி, நீதிமன்ற உத்தரவால் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. முதலில் போன சிலரில் இவரும் ஒருவர். விடுதியில் இவருக்கு அறை கொடுத்த வாரமே அந்த மாடியிலிருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு வேறு மாடிக்குப் போய்விட்டார்கள்.

"ஒருவரும் என்னை அடிக்கவில்லை. குளியலறைகூட எனக்கு மட்டும்தான்," என்று சிரித்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிறகு கல்யாணம், கனடா, பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்து போய்த் தனியாளானபின், விட்ட படிப்பை முடிக்கத்தான் இப்போது வந்திருந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட, அவசரமாக ஓர் அறை தேவைப்பட்டது. நான் கல்லூரிக்குக் கிட்ட, வோபர்னில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ட் காலியாக இருந்தது. என்னோடு படிக்கிற ஒரு அம்மா என்றதும் அண்ணன் சம்மதித்தார். சனிக்கிழமை தோழி அறை பார்க்க வந்தார். கதவைத் திறந்த அண்ணன் அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"சொறி. ஓல்ரெடி கிவின்."

தோழி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து கத்தினேன். "ஆருக்கண்ணை குடுத்தனீங்கள்?"

"சனம் என்ன கதைக்கும் பிள்ளை? வீட்டில பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள்."

"அவவும் பொம்பிளைதானே! கொழும்பில எங்கட தமிழ்ப் பேரைக் கேட்டிட்டு றூம் இல்லையெண்டாங்கள். பெட்டியோட ரோட்டில நிண்டதை மறந்திட்டியளே?"

அண்ணன் கீழே இறங்கிப் போய்விட்டார். ஞாயிறு முழுக்க பேஸ்மென்டைக் கூட்டித் துடைத்தார். திங்கள் காலை, வேலைக்குப் போகாமல், என்னைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். கன்ரீனில் தோழியின் முன்னால் நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் தடக்கித் தடக்கி மன்னிப்புக் கேட்டார். அறை இருக்கிறது, வாருங்கள் என்றார்.

தோழி எழுந்து அண்ணனின் கையைப் பற்றிக் குலுக்கினார். "நீங்கள் வந்து சொன்னதற்கு நன்றி. ஆனால், வேறு வழியில்லாமல் என்னை ஏற்றுக்கொண்ட ஓர் இடத்தில் ஏற்கெனவே வாழ்ந்துவிட்டேன். இன்னொரு முறை என்னால் ஏலாது."

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "என்ன சொன்னவா?"

சொன்னேன்.

"நான் மனசாரத்தான் கேட்டனான்."

"எனக்குத் தெரியும் அண்ணை. அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

தோழி ரெக்ஸ்டேலில் உறவினர் வீட்டுக்குப் போனார். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பஸ்ஸும் சப்வே ரயிலுமாக வந்து படித்தார். பனி கொட்டத் தொடங்கியதும் காலை வகுப்புகள் தவறின. பிறகு பரீட்சையொன்று தவறியது. புதுவருடம் பிறந்து வகுப்பு தொடங்கியபோது அவர் வரவில்லை. தொலைபேசியில் சில தடவை பேசினோம். உடம்பு சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பிறகு அந்த இலக்கத்தில் வேறு யாரோ பேசினார்கள்.

நான் படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாளில் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். படமெல்லாம் எடுத்து முடிந்தபின் என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டார்.

"உன்ர சிநேகிதி எங்கயாவது படிப்பை முடிச்சவவோ?"

"தெரியேல்லை அண்ணை."

இன்றுவரை தெரியாது.