காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

பழைய கார்களைப் பார்த்து விலை மதிப்புச் சொல்வது என் பிழைப்பு. கூட்டிச் சொன்னால் வாங்குகிறவன் திட்டுவான், குறைத்துச் சொன்னால் விற்கிறவன் திட்டுவான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனாலேயே உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிவிட்டேன். இதையும் அப்படித்தான் சொல்கிறேன். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை.

என் தங்கையின் கணவருக்கு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டே சீட். தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு வண்டி. அதை வாங்குவதற்காக, வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்கத் துணிந்துவிட்டார். வாடகை வீட்டில் ஓட்டுக்குள் நத்தையாக எத்தனை வருடம்தான் இருப்பது என்று தங்கை அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் மாப்பிள்ளை கொஞ்சம் இறங்கி வந்தார்.

"உங்க அண்ணனே வந்து பார்த்து, வண்டி சரியில்லன்னு சொல்லட்டும். விட்டுடறேன்."

ஆக, அவள் கட்டப்போகும் வீடு என் ஒரு வார்த்தையில் இருந்தது. எப்படியும் ஒரு குறை கண்டுபிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன்.

பெயிண்டின் கனத்தை அளந்து பார்த்தேன். எங்கும் ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை. சிலர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்து அதன் நோயை மறைப்பார்கள். பானட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருகியதும் ஒரே உறுமலில் எழுந்தது. டயர், பிரேக், கண்ணாடி எல்லாம் சுத்தம். இவ்வளவு நல்ல வண்டியைப் பார்த்து நான் வருத்தப்பட்டது அன்றுதான்.

மிச்சம் ஒரே ஒரு சோதனை. இவ்வளவு தாழ்ந்த வண்டி தங்கை வீட்டு வாசல் சரிவில் ஏறுமா, மூக்கு இடிக்குமா? விற்பனைத் தரகர், என் முகம் பழகிய முகம் என்பதால், நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். தனியாகக் கிளம்பினேன். மாலை ஆறரை மணி. இருட்டத் தொடங்கியிருந்தது.

தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் எச்சரிக்கும் சத்தம். அந்த சீட்டில் யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் இருக்கும் சென்சார் பழுது! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். மின்சார வேலைகள் எல்லாமே சந்தேகம் என்று ஊதிப் பெரிதாக்க எனக்கு இது போதும்.

சத்தம் காதைக் குடைந்தது. சிக்னலில் நின்றபோது எட்டி, பெல்ட்டை இழுத்து அந்தக் காலி சீட்டுக்கே மாட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சத்தம் நின்றது.

காலி சீட்டில் மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிப் படிய வேண்டும்.

படியவில்லை.

ஒரு சாண் முன்னால் தள்ளி, காற்றில் நின்றது. யாரையோ சுற்றிக் கட்டியதுபோல. அது மெல்ல மேலே ஏறியது... இறங்கியது... மறுபடி ஏறியது...

யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திருப்பத்தில் தங்கை வீடு. ஒரு மனித முகத்தைப் பார்த்தால் போதும் என்று அங்கே திருப்பினேன்.

வாசல் சரிவில் ஏறும்போது அடியில் 'கர்ர்ர்' என்று உரசியது. வெளியே பாய்ந்தேன். பழக்க தோஷம், அந்த நிலையிலும் குனிந்து வண்டியின் மூக்கைப் பார்த்தேன்.

க்ளிக்.

பெல்ட் கழலும் சத்தம்.

பிறகு, அந்தப் பக்கத்துக் கதவு... மெல்லச் சாத்தும் சத்தம்.

நிமிர்ந்தேன். பெல்ட் சுருண்டு அதன் இடத்தில் இருந்தது. யாரும் இல்லை. சமையலறை ஜன்னலில் இருந்து தங்கை கையசைத்தாள். அவளையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பினேன்.

போகும் வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. விட்டது சனியன் என்று நினைத்தேன்.

நேராக, எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். சத்தம் வந்ததை மட்டும் சொன்னேன். அவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இது பார்க்க கம்பெனி சீட்டு மாதிரியே இருக்கிற ரேஸ் சீட்டு சார். ஒரிஜினல் சீட்ட எப்பவோ கழட்டிட்டாங்க. சென்சாரே கிடையாது. ஒயரையும் வெட்டி டேப் சுத்தியிருக்கு. அந்தச் சத்தம் வரவே வராது."

அங்கே நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் செய்து, வண்டி வேண்டாம் என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டார். கோபம். இருக்கட்டும். தங்கையின் மனை தப்பியது. அந்தப் பயத்திலும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உடனே போன் அடித்தது. தங்கை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணா, கூட வந்தவங்கள இறக்கி விட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டியே. ஹால்லயே உக்காந்திருக்காங்க. காபி கொடுத்தேன், தொடல. யாருண்ணா அந்த அம்மா? எது கேட்டாலும் பதில் இல்ல..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வீடு பிடிச்சிருக்குன்னு மட்டும் சொன்னாங்க."