ஒட்டுப்பாலை மறந்த முதல் பக்கம்

2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பிளேன்டி குடித்தேன். ஆறு மணிக்கு என் மனைவி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். பதினொன்றரைக்குத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் தராசைத் திறந்தேன். ஒரு மணிக்கு நிறுவை முடிந்தது. இரண்டரைக்கு மழை, நாற்பது நிமிடம்.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான் எழுதி வருகிறேன். நடந்தது மட்டும், நடந்த வரிசையில்.

ஆனால் அன்று மழை விட்டதும் பஸ் ஏறி யட்டியாந்தோட்டைக்குப் போய் ஒரு சி.ஆர். புத்தகம் வாங்கினேன். தடித்த அட்டை, கோடு போட்ட தாள். நாவல் எழுத. இதை நாட்குறிப்பில்கூட நான் எழுதவில்லை. சரியாக வராவிட்டால் எடுத்த சுவடே தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். பால் வெட்டும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதத் தொடங்கினேன். வெளியே கூரை இறப்பில் இன்னும் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் என் தாளில் வானத்தை வெளுக்க வைத்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நீலச் சட்டை போட்டேன், பிறகு அடித்துவிட்டு மஞ்சளாக்கினேன். நடக்காத ஒன்றை எழுதியது அதுதான் முதல் தடவை. அரைப் பக்கம் எழுதினேன்.

குளித்துவிட்டு வந்த மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, டைரிக்குப் புதுக் கொப்பியா?"

"டைரி இல்ல. கதை."

"கதையா? பிஸ்ஸு, பைத்தியந்தான் உங்களுக்கு. சரி, வாசிங்க பாப்பம்."

எனக்கு வாசிக்க மனமில்லை. அவள் சிரித்துவிட்டால் இந்தப் புத்தகம் அடுத்த வருட நாட்குறிப்பாகிவிடும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் இரண்டாவது தடவை தொடங்கும் துணிச்சல் கிடையாது. இருந்தாலும் வாசித்தேன். அந்தப் பெண் மரத்தடிக்கு வருகிறாள், கத்தியை வைக்கிறாள், பால் ஓடி சிரட்டையில் விழுகிறது. அதோடு அரைப் பக்கம் முடிந்தது.

மனைவி துவட்டுவதை நிறுத்தினாள்.

"ஒட்டுப்பாலு?"

"என்ன ஒட்டுப்பால்?"

"முந்தின வெட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அத உரிக்காமலே கத்தி வச்சிட்டாளே உங்க ஆளு! கங்காணி பாத்தா கிழிச்சிருவாரு."

அந்த ஒட்டுப்பாலைத் தனி மூட்டையாகத் தினமும் நிறுப்பவன் நான்தான். அது மரத்திலிருந்து எப்படி வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் முகம் சுருங்கியதை அவள் பார்த்திருக்க வேண்டும். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் புருசன் இருக்கானா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"இருந்தா டைரி எழுதுறவனா வச்சிராதீங்க. பாவம் அவ." துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "பொறகு என்னா ஆகுது?" என்றாள்.

எனக்கும் தெரியாது என்றேன். தெரியாதது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. விளக்குப் போடும் வரை இருவரும் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மனைவியோடு அவளுடைய முதல் மரத்துக்குப் போனேன். பட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த பாலை நானே உரித்தேன். பாதியில் அறுந்துவிட்டது. மீதியை அவள் ஒரே இழுப்பில் எடுத்துக் கூடையில் போட்டாள்.

"கதையில அறுந்துச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க," என்றாள். "அவ நல்லா வேல செய்றவ."