பெயர் சொல்லிக் கூப்பிட்ட கம்ப்யூட்டர்

தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் போன வாரம் தட்டு எடுக்கும் ரோபோ ஒன்று என் முழங்காலில் முட்டி நின்று, குழந்தைக் குரலில் வழிவிடச் சொன்னது. நான் பதறிப்போய், இந்த ஊர்ப் பழக்கத்தில் "சாரிலா" என்றேன். பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு. அது நகர்ந்தபோது சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது. எனக்கு அந்த வாடை போதும். நினைப்பில் நேராகக் கிராஞ்சியில் நாங்கள் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியின் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே எட்டு அடுப்பு, எண்பது பேர். வேலை முடிந்து வந்ததும் சட்டியைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போவோம். சட்டிதான் ஆள். என் சட்டிக்கு ஒரு காது கிடையாது. எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்புக் கிடையாது. இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.

என் அறைத்தோழன் முருகையன் எலெக்ட்ரீஷியன், புதுக்கோட்டைக்காரன். யாரோ வீசிய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தான்; சூடேறினால் அதே பிளாஸ்டிக் வாடை அடிக்கும். முதன்முதலில் கம்ப்யூட்டர் செய்தவர்களுக்குப் பெரிய கூடமே தேவைப்பட்டதாம். எங்களுக்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் போதுமாக இருந்தது. அடுப்பு வரிசையை அதனிடம் ஒப்படைத்தோம். வந்தவர் தன் ரகசிய எண்ணை அமுக்கினால் வரிசையில் சேர்த்துக்கொள்ளும். முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடும். வெள்ளைக்காரக் குரலில் "மூருகேயான்!" என்று அது முதலில் கூவியபோது கரண்டியால் சட்டியைத் தட்டி ஆடினோம். பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். ரகசிய எண் என் யோசனை. ஏமாற்று நடக்கக் கூடாதல்லவா?

இளங்கோவை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. அவனுக்குத் தூரத்தில், துவாஸில் வேலை. அவனை ஏற்றிவரும் லாரி கடைசியாகத்தான் வரும். முன்பெல்லாம் அவன் சட்டியை நாங்களே நடுவரிசையில் வைத்துவிடுவோம். இப்போது அவனே வந்து தன் எண்ணை அமுக்கி, முறை வருவதற்குள் காவலாளி கேஸை மூடிவிடுவார். நான்கு நாள் வெறும் ரொட்டி தின்றிருக்கிறான். ஐந்தாம் நாள் காலிச் சட்டியோடு வந்து நின்றான்.

"அண்ணே, உங்க மெஷின் நியாயமாத்தான் நடக்குது. என் வயிறுதான் கேக்க மாட்டேங்குது."

முருகையன் உடனே 'லாரி லேட்' என்று ஒரு பொத்தான் சேர்த்தான். அதை அமுக்கினால் முன்னால் போகலாம். மறுநாள் எண்பது பேருக்கும் லாரி லேட். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கும் லாரி லேட்.

முருகையன் ஒயரைப் பிடுங்கப் போனான். தடுத்தது இளங்கோதான்.

"பிடுங்காதீங்கண்ணே. சைட்ல என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. இது பேரைச் சொல்லுதுலா."

"எங்கடா சொல்லுது? ஈலாங்காவ்ங்குது!"

"இருக்கட்டுமே. நான்தானே அது?"

அன்றிலிருந்து வரிசை சட்டிக்கு, கூப்பிடும் வேலை கம்ப்யூட்டருக்கு. சட்டியைப் பார்த்து நான் பெயரைத் தட்டுவேன். "ஈலாங்காவ்!" என்று அது கூவியதும் எண்பது பேரும் கூடவே கத்துவோம். அவன் ஈரத் தலையோடு அமைச்சர் போலக் கையசைத்துக்கொண்டு வருவான்.

அந்த விடுதியை இடித்துவிட்டார்கள். முருகையன் ஊருக்குப் போய் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். நானும் கம்பெனி மாறி வெளியேறிவிட்டேன். இளங்கோ இருக்கும் புது விடுதியில் அடுப்பே கிடையாது. கைப்பேசியில் தட்டினால் சோற்றுப் பொட்டலம் வருகிறது. யாரும் பட்டினி இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

போன ஞாயிறு அவனைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் பொட்டலம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம், "இளங்கோ எந்த ரூம்ப்பா?" என்று கேட்டேன்.

"நம்பர் சொல்லுங்கண்ணே" என்றான்.