முதலில் ஒளி, பிறகு படம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். வைத்தவன் நான்தான், என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கீழ்த்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவது என் வேலை. அவள் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் செய்தது ஆன்டெனா. மொட்டைமாடியில் நிற்கிற ரகமில்லை, ஒளியைப் பிடிக்கிற ரகம். கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு தங்கக் குச்சிகள், நடுவே தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. ஒளி அதற்குள் வந்து குவியும். அதை அளக்கிற லேசர் அறை இருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் பகல் முழுக்க இருட்டில் தனியாகக் கிடப்பாள். சாப்பிடும்போதும் சுவரைப் பார்த்தே உட்காருவாள். நாங்கள் ஒருத்தராவது பக்கத்தில் போய் உட்கார்ந்தோமா? கிடையாது.

நூற்றுக்கணக்கில் செய்ததில் ஒன்றே ஒன்றுதான் உருப்படியாக ஒளிர்ந்தது. அதை ஒருமுறை முழுதாக அளந்துவிட்டால் ஆய்வேடு முடிந்துவிடும். கெடு அந்த மாதக் கடைசி.

எங்கள் தொழிலில் முதலில் ஒளியை அளப்போம், பிறகுதான் படம் எடுப்போம். நுண்ணோக்கியின் கற்றை பட்ட இடத்தில் கரி படிந்துவிடும். அப்புறம் ஆன்டெனா பழையபடி ஒளிராது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த ஆன்டெனா இருந்த கண்ணாடித் துண்டோடு வந்து நின்றாள்.

"அளந்தாச்சா?" என்றேன்.

"ஆச்சுண்ணா. அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ஆறு வருஷமா என்னதான்மா பண்றேன்னு கேட்டுட்டே இருக்கார். ஒரு படம் அனுப்பணும்."

எடுத்துக் கொடுத்தேன். அனுப்பிய கையோடு அப்பா கூப்பிட்டார். சத்தமாகவே கேட்டது.

"ரெண்டு கட்டையாம்மா?"

"ஆமாப்பா."

"இதுக்கா ஆறு வருஷம்? பரவால்ல, நல்லா நேரா வச்சிருக்கே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதலில் கேட்டேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் திரும்ப வந்தாள், முகம் வெளிறிப்போய்.

"இப்பதான் அளக்க ஆரம்பிச்சேன். பாதி ஒளிகூட இல்ல. முழுசா அளக்க மூணு நாளாகும், அதான் காலைல பொய் சொல்லிட்டேண்ணா. ஒரே படம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்ததே கோபம். அறிவிருக்கா, படிச்சவதானே, இப்படியா தலையில மண்ணள்ளிப் போட்டுக்குவே என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் ஓய்ந்த பிறகும் போகவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டுவீங்கன்னு தெரியும்ணா. இதைச் சொல்றதுக்கு எனக்கு வேற யாருமில்ல."