கரண்டுக் கம்புக்குப் போட்டி

அடிவாங்கியவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆளை இந்த ரங்கூன் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்திதான் கிடைப்பேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு நேரம் இருக்காது.

தாமுவேயில் எங்கள் தெரு முனையில் ஏழெட்டுப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்காருவோம். நான் வீட்டிலிருந்து பருப்பு வடை சுட்டுக்கொண்டு வந்து அலுமினியத் தாம்பாளத்தில் வைத்து விற்பேன். எனக்கு இடது பக்கம் பூக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், பன்னிரண்டு மடங்கு அழகு. மல்லிகைச் சரம் கட்டும்போது அவள் விரலைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். என் வடையைப் பார்க்க ஈ நிற்கும்.

எங்களுக்கு எதிரில் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி எதையும் வைக்கக்கூடாது. மழையில் அது அழிந்து எந்தக் காலமோ ஆகிவிட்டது. கோடு எங்கே இருந்தது என்பது ரோட்டோரத்தைக் காலி செய்ய வரும் சீருடைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்கும் காலையில் ஒரு இடத்தில் தெரியும், சாயங்காலம் வேறு இடத்தில் தெரியும்.

முன்பெல்லாம் தராசைப் பிடுங்குவார்கள், கூடையை உதைப்பார்கள். நாங்கள் திட்டுவோம், அவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் அவர்களில் ஒருவன் கையில் கறுப்பாக ஒரு கம்பு வந்தது. நீளமான டார்ச் லைட் மாதிரி இருக்கும். நுனியில் இரண்டு பல். பொத்தானை அமுக்கினால் டகடகவென்று நீலமாய்த் தீப்பொறி பறக்கும். நாங்கள் அதற்குக் கரண்டுக் கம்பு என்று பெயர் வைத்தோம். எங்கள் வீடுகளில் அப்போது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்டு இருந்தால் அது பண்டிகை. "வீட்டுக்கு வராத கரண்டெல்லாம் எங்க போகுதுன்னு இப்பத்தாண்டி தெரியுது" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சைக்கிள் ரிக்ஷா மிதிக்கும் சைக்காக்காரர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார் என்று தொடையில் வைத்தான். வெற்றிலை எச்சிலைத் துப்பினார் என்று ஒருவருக்குக் கழுத்தில் வைத்தான். திட்ட வேண்டிய தப்புக்கெல்லாம் கம்பு. அதற்கப்புறம் சிரிப்பு குறைந்தது.

தெரு முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரரை பாய் என்று கூப்பிடுவோம். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேதான். அவர் கடை வாசலில், கூரைக்குள்ளே, ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அது அவருடைய சொந்த இடம், எந்தக் கோடும் அங்கே வராது. லாட்டரிச் சீட்டு விற்ற ஒரு கிழவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் கிம்மிண்டைங்கில் மகள் வீட்டோடு போய்விட்டதால் இடம் காலியானது. அதற்காக ஆறு வருஷம் பாயிடம் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். நிழல், மழைக்கு ஒதுக்கு, டீ குடிக்க வருகிறவன் கை நீட்டினால் வடை. முக்கியமாக, கம்பு வராத இடம்.

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து சொல்றேங்க்கா" என்றார் பாய். எனக்குத்தான் என்று நினைத்து, உட்காரப் பலகை கூட வாங்கி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சீருடை வண்டி வந்தது. பூக்காரி கூடை வைத்திருந்த முக்காலி ஒரு கை அகலம் வெளியே இருந்ததாம். அவள் எழுந்து நகர்த்தக் குனிந்தபோதே அந்த ஆள் அவள் முழங்கைக்கு மேலே கம்பை வைத்தான். அவள் "ஆ" என்றுகூட முழுசாகக் கத்தவில்லை. பூவெல்லாம் ரோட்டில் கொட்டியது. வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாய் கடைக்குள்ளிருந்து நாற்காலி எடுத்து வந்து போட்டார். தைலம் வந்தது. பர்மாக்காரப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பூவைப் பொறுக்கினார்கள். மிதிபட்ட பூவைக்கூட விலை கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். அன்றைக்கு வேலை இல்லாமல் கடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூட்டையை ஒரே தோளில் சுமக்கிற மனுஷன், முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் சுமந்தது கிடையாது. அவர் பால் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், சாமிக்குப் படைக்கக் கொண்டுபோவது போல அவளிடம் கொண்டுபோனார்.

"சூடா இருக்கும்மா, ஊதிக் குடி" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. கரண்டு அவளுக்கு வைத்தார்கள், சூடு எனக்குப் பிடித்தது.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். "ஏங்க, எனக்கு என்னைக்காச்சும் ஊதிக் குடின்னு சொல்லியிருக்கீங்களா?"

"உனக்கு எதுக்கு சொல்லணும்? நீ எல்லாத்தையும் சூடாத்தானே பேசுற."

மறுநாள் பாய் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இடம் கைமாறிப் போகிறது.

"பாய், வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாவம், அடிபட்ட பொண்ணு. இனிமே அவன் அவளத்தான் தேடி வருவான்."

"அப்ப அடிபட்டாத்தான் இடமா?"

பாய் அடுத்த டீயை ஆற்றத் திரும்பிக்கொண்டார்.

எங்கள் தெருவில் அந்த மாதம் எல்லாரும் நம்பிய ஒரு சங்கதி உண்டு. ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தால் கரண்டு அடிக்காது. கரண்டு வேலை செய்கிற மேஸ்திரிகள் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள். அதனால் சாக்குக்காரிகள் எல்லாரும் தடித்த அடி வைத்த ரப்பர்ச் செருப்பாகப் பார்த்து வாங்கினோம். உட்கார்ந்து விற்கும்போதும் கழற்றவில்லை. பூக்காரி மட்டும் வாங்கவில்லை. பூவுக்கு முன்னால் செருப்போடு உட்காரமாட்டேன் என்றாள். அதனால்தான் அவளுக்கு அடித்தது என்று நாங்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம்.

நான் கணக்குப் போட்டேன். செருப்பு இருக்கிறது. கம்பு பட்டால் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ஒரு கத்து கத்தினால் போதும். நாற்காலி வரும், தைலம் வரும், டீ வரும், இடமும் வரும். அவள் இளசு, தாங்குவாள். எனக்கு வயசு, எனக்குத்தான் பரிதாபம் கூட விழும்.

வியாழக்கிழமை சீருடை வண்டி தெருவுக்குள் திரும்பியதும் நான் காலால் தாம்பாளத்தை ஒரு சாண் வெளியே தள்ளினேன். யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் தள்ளினேன்.

அவன் வந்து நின்றான். "அடோ, இது என்ன?" என்று பர்மாப் பேச்சில் கேட்டான். அடோ என்றால் பெரியம்மா மாதிரி. பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இடுப்பில் வைத்தான்.

எறும்பு இல்லை. எதைப் போல என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் உடம்பு என்னுடையதாக இல்லை. பல் நாக்கைக் கடித்துக்கொண்டது, கை தானாக மடங்கிக்கொண்டது, வடை மேலேயே விழுந்தேன். கத்தலாம் என்று வைத்திருந்த கத்து வெளியே வரவில்லை. வேறு ஏதோ சத்தம் வந்தது, மாடு மாதிரி. சத்தம் போடுகிறேன் என்று மறுபடி வைத்தான். சீக்கிரம் எழுந்திருக்கவில்லை என்று மூன்றாவது தடவை வைத்தான். கூட வந்தவன் ஒருத்தன் சிரித்தது எனக்குக் கேட்டது. என் லுங்கி நனைந்துபோனது. பெற்றவள், பேரன் பேத்தி எடுத்தவள், பட்டப்பகலில், தெரு நடுவில்.

வடை ஒரு சாண் வெளியே இருந்ததற்கு.

முதலில் ஓடி வந்தது பூக்காரி. தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றி, ஈரம் யாருக்கும் தெரியாமல் முன்னால் உட்கார்ந்து மறைத்துக்கொண்டாள். "அக்கா, மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க" என்றாள். என்னைப் பிடித்த அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஆடுகிறதாம். அடிபட்ட கையால் இரண்டு நாளாக அவளால் சரம் கட்ட முடியவில்லை, அவள் தங்கச்சி கட்டிக் கொடுத்ததைத்தான் விற்றிருக்கிறாள். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியாது. நான் அவளுக்கு வந்த டீயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்காலி வந்தது. தைலம் வந்தது. என் வீட்டுக்காரர் பால் டீ கொண்டுவந்தார், பாதியைச் சிந்திவிட்டார். எதையும் அனுபவிக்க முடியவில்லை.

செருப்பைப் பற்றி நான் புலம்பியதும் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, அந்தக் கரண்டு தரைக்கே போகாது. கம்புல ரெண்டு பல்லு இருக்குல்ல? ஒண்ணுல இருந்து உங்க உடம்புக்குள்ள வந்து இன்னொண்ணு வழியா போயிடும். நீங்க செருப்பு மலை மேல நின்னாலும் அடிக்கும்."

வெள்ளிக்கிழமை அவர் தொழுதுவிட்டு வந்து இடத்தை எனக்கே கொடுத்தார். ஒரு அடிக்கு மூன்று அடி. நான்தான் ஜெயித்தேன். பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை பூக்காரி டீ வாங்க வந்தாள். நின்றபடியே மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க காலால தள்ளினத நான் பார்த்தேன்."

என் கை வடையிலேயே நின்றது. "யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"பாய்கிட்ட சொல்லியிருந்தா இந்த இடம் உனக்கு வந்திருக்குமேடி."

"வந்திருக்கும். அப்புறம் நாளைக்கு வேற ஒருத்தி அடிபட்டு விழுந்தா, அவளா தள்ளிக்கிட்டான்னுதான் தெருவே சொல்லும். கம்பு வச்சவன விட்டுருவாங்க." டீயை ஊதினாள். "நீங்க தள்ளலேன்னாலும் அவன் எதையாச்சும் சொல்லித்தான் வச்சிருப்பான். ஒரு சாணுக்கு மூணு தடவ வைக்கிறவனுக்கு காரணம் எதுக்கு?"

சொல்லிவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நானாவது இரண்டாம் வகுப்பு வரை போனேன், அவள் பள்ளிக்கூட வாசலையே பார்த்தது கிடையாது. இத்தனை யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது? அழகு போகட்டும், விரல் போகட்டும், என் வீட்டுக்காரர் சிந்தாமல் கொண்டுபோன டீயும் போகட்டும். இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் அன்றைக்கு முழுக்க எரிந்தது. ஒரு வடைகூட நிம்மதியாக விற்கவில்லை.

திங்கட்கிழமை நானே பாயிடம் போனேன்.

"பாய், வடை காலையில டீயோட போகும். பகல் பன்னிரண்டுக்கு மேல என் தாம்பாளம் காலி. பூவுக்கு சாயங்காலம்தான் ஆளு வரும். மத்தியானத்துலேருந்து அவ இங்க உக்காரட்டுமே. காலையில அவ வரவே வேணாம், வீட்ல கைய ஆத்திக்கட்டும்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"கரண்டு இன்னும் எறங்கல. எறங்கறதுக்குள்ள சரின்னு சொல்லிடுங்க."

அப்படியே ஆனது. பகல் வரைக்கும் நான், அப்புறம் அவள். கம்புக்காரன் அந்தப் பக்கம் வந்தால் கூரைக்கு வெளியே நின்று பார்ப்பான், போய்விடுவான். மற்ற ஆறு பேர் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் ஓடி வருவார்கள். பாய் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இரண்டு மாதத்தில் அவள் கை ஆட்டம் நின்றது. கூரை நிழலில் பூ வாடாமல் இருந்ததில், நான் ஒரு வாரம் பூராவும் விற்றதை அவள் இரண்டு சாயங்காலத்தில் விற்றாள். பாயே எனக்கு வந்து சொன்னார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

தினமும் பன்னிரண்டு மணிக்குப் பலகையை விட்டு எழுந்திருப்பேன். வடை எண்ணெய் சொட்டி அதில் பிசுக்கு நன்றாக ஏறியிருக்கும். துடைக்கத் துணி என் இடுப்பிலேயேதான் இருக்கும். துடைக்கமாட்டேன். அவள் வந்து தன் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு உட்காருவாள்.